எல்லைக் கடற்கரையில் ஒரு கால்பந்துக் கிளப்பின் வரலாற்றை எங்கே தேடுவது?

குமரி மாவட்டத்தின் கேரள எல்லையில் உள்ள நீரோடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய ஊர் கிளப்புக்கு அடுத்த வருஷம் ஐம்பதாம் ஆண்டு. மலர் ஒன்று போடலாம் என்று கமிட்டி முடிவு செய்து, வரலாறு எழுதும் வேலையை அவரிடம் கொடுத்திருக்கிறது. கையில் இருப்பது அலமாரி நிறையக் கோப்பைகள், பூஞ்சை பிடித்த சில குழுப் படங்கள், 1990களுக்குப் பிறகு எழுதத் தொடங்கிய ஒரு மினிட்ஸ் நோட்டு. அதற்கு முந்தைய காகிதம் இல்லை. பழைய ஆட்டக்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது, யார் சொல்வதை நம்புவது என்பது கேள்வி.

தம்பி, காகிதம் இல்லை என்று சொல்லாதீர்கள். நீங்கள் நாகர்கோவில் பக்கம் மட்டும் தேடியிருப்பீர்கள். நம் கடப்புறத்துக் கிளப்புகள் எல்லாமே இரண்டு மாநிலத்தில் வாழ்ந்தவை. ஆடியது ஒரு பக்கம், பதிந்தது இன்னொரு பக்கம், கோப்பை வாங்கியது இரண்டு பக்கமும். ஒரு பக்கத்துக் காகிதத்தை மட்டும் வைத்து எழுதினால் பாதி வரலாறுதான் கிடைக்கும். நான் இந்தக் கரையில் ஆடியவன், பிறகு பல வருஷம் விசில் ஊதியவன். சில கிளப்புகளுக்குப் பழைய விவரங்களைத் தேடிக் கொடுத்த அனுபவமும் உண்டு. அதை வைத்து விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எல்லை. 1956 நவம்பர் 1 வரை நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை எல்லாம் திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊர்கள். கடைசி ஏழு வருஷம் திருவிதாங்கூர்-கொச்சி. பொழியூர், பூவார் போலவே நமக்கும் தலைநகரம் திருவனந்தபுரம். அன்றைக்கு விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நீரோடிக்கும் பொழியூருக்கும் நடுவில் மாநில எல்லை விழுந்தது. ஆனால் கடற்கரையில் நடந்து போனால் எல்லை எங்கே என்று காட்ட ஆள் வேண்டும். பெண் கொடுத்து எடுப்பது நிற்கவில்லை, வள்ளம் வாங்குவது விற்பது நிற்கவில்லை, பந்தும் நிற்கவில்லை. இன்றைக்கும் நீரோடியிலிருந்து நாகர்கோவிலைவிடத் திருவனந்தபுரம்தான் பக்கம்.

இன்னொரு எல்லை உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டம் 1937இல் கொல்லத்திலிருந்து பிரிந்தது. 1956இல் மாநிலம் மாறியபோது மறைமாவட்டம் மாறவில்லை. தூத்தூர் வட்டாரத்துப் பங்குகள், அதாவது ஒவ்வொரு கோயிலையும் சேர்ந்த ஊர்ச் சபைகள், இன்றுவரை திருவனந்தபுரத்துக்குக் கீழ்தான் இருக்கின்றன. குழித்துறை ஆற்றுக்குக் கிழக்கே கோட்டாறு மறைமாவட்டம். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஊர்களில் பந்து பங்கோடு சேர்ந்து வளர்ந்தது. இளைஞர் இயக்கம், திருவிழா, திருவிழாவை ஒட்டிய டூர்னமெண்ட், வெற்றி பெற்ற அணிக்குப் பங்குத்தந்தை கையால் கோப்பை. பங்குகள் ஒரே மறைமாவட்டத்தில் இருந்ததால் பொழியூர் அணி வள்ளவிளைக்கு வருவதும் தூத்தூர் அணி பூவாருக்குப் போவதும் வெளியூர்ப் பயணமாகவே யாருக்கும் தோன்றியதில்லை. மாநிலச் சங்கங்கள் பிரித்து வைத்த அணிகளைப் பங்குகள் சேர்த்து வைத்தன என்பதுதான் என் கணிப்பு.

ஆகவே உங்கள் முதல் இடம் பங்கு அலுவலகம். பங்குக் குழுவின் பழைய கூட்டக் குறிப்புகள், திருவிழா மலர்கள், குறிப்பாகக் குத்தகைக் கணக்கு. மீன் ஏலத்தில் கோயிலுக்குப் போகும் பாகம்தான் குத்தகை என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பணத்திலிருந்து பந்து வாங்க, கோல் கம்பம் நட, வெளியூர் அணிக்குச் சாப்பாடு போட எடுத்திருந்தால் எங்காவது ஒரு வரி எழுதியிருப்பார்கள். 'பந்து வகைக்கு' என்று ஒரே ஒரு செலவு வரி கிடைத்தாலும் அது பத்துப் பேருடைய நினைவைவிட உறுதியான சான்று. அந்த நோட்டுகளைப் பார்க்கப் பங்குத்தந்தையிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், கமிட்டியின் கடிதத்தோடு போங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பழைய படத்தில் நிற்பவரை வீட்டுப் பெயரால்தான் எல்லோருக்கும் தெரியும். முழுப் பெயரும் பிறந்த வருஷமும் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கும். பிறந்த வருஷம் தெரிந்தால் படம் எந்தக் காலத்தது என்று ஓரளவு கணக்குப் போடலாம்.

பழைய நோட்டுகளில் கொல்லம் ஆண்டு போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். சிங்க மாதம், அதாவது நம் ஆவணி, ஆகஸ்ட் நடுவில் பிறக்கும்போது கொல்லம் வருஷம் மாறும். ஆங்கில வருஷம் கிடைக்க, ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும் வரை 824ஐக் கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து அடுத்த ஆவணி வரை 825. எல்லை மாறிய 1956 நவம்பர், கொல்லம் 1132 துலாம். பெரியவர்கள் பலர் அதற்குப் பிறகும் இந்தக் கணக்கையே வைத்திருந்தார்கள். சில குறிப்புகள் மலையாளத்தில் இருக்கும். பொழியூரில் படிக்கத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பதிவு. சங்கப் பதிவுச் சான்றிதழ் கிளப்பில் இல்லை என்றால் அது எங்குமே இல்லை என்று ஆகிவிடாது. தமிழ்நாட்டில் கிளப்புகள் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் வரும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் துணைவிதிகளும் முதல் நிர்வாகிகளின் கையெழுத்தும் இருக்கும். கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். கேரளத்தின் தென்பகுதியில் 1955ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டத்தின்கீழ் பதிவார்கள். உங்கள் கிளப்பைத் தொடங்கியவர்களில் யாராவது பொழியூர் பக்கம் குடியிருந்திருந்தால் அந்தப் பக்கத்து முகவரியில் பதிந்திருக்கவும் வாய்ப்புண்டு, அதையும் பாருங்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பதிந்த தேதி கிளப் பிறந்த தேதி இல்லை. நிலத்துக்கோ நிதிக்கோ மாவட்டச் சங்கத்தில் சேரவோ தேவை வந்தபோதுதான் பெரும்பாலும் பதிவார்கள். ஆடத் தொடங்கி வெகுகாலம் கழித்துக்கூட அது நடந்திருக்கும். ஐம்பதாம் ஆண்டு என்று கமிட்டி எதை வைத்துச் சொல்கிறது என்று முதலிலேயே கேட்டுத் தெளிவுபடுத்துங்கள்.

கிளப்பின் பெயரைக்கூட ஒரு தடயமாகப் பாருங்கள். 'ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்' என்றோ, 'வாசகசாலை' என்ற ஒட்டோடோ பெயர் இருந்தால் அது திருவிதாங்கூர் வழி. பி. என். பணிக்கர் 1945இல் அம்பலப்புழையில் தொடங்கிவைத்த நூலக இயக்கம் ஊர் ஊராக வாசகசாலைகளைக் கொண்டுவந்தது. பல இடங்களில் ஒரே கூரையின்கீழ் பத்திரிகை, நாடகம், பந்து மூன்றும் நடந்தன. புனிதர் பெயர் முன்னால் இருந்தால் பங்கு இளைஞர்கள் தொடங்கியது. உங்கள் கிளப் பெயரில் இரண்டும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டு குழுக்கள் எப்போதோ ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். அது எப்போது, எதனால் என்பதைத் தேடுங்கள். என்னைக் கேட்டால் மலரின் மிக நல்ல அத்தியாயம் அதுவாகத்தான் இருக்கும்.

பத்திரிகைகளில் தேடும்போதும் இரண்டு மொழியிலும் தேடுங்கள். தினமலர் 1951இல் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கியது, 1957இல்தான் திருநெல்வேலிக்குப் போனது. திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டக் காலத்து நம் பகுதிச் செய்திகள் அதில் வந்தன. பிறகு வந்த காலத்துக்கு நாகர்கோவில் பதிப்புகளைப் பாருங்கள், கேரளப் பக்கத்து டூர்னமெண்டுகளுக்கு மலையாளப் பத்திரிகைகளின் திருவனந்தபுரம் பதிப்புகளைப் பாருங்கள். டிசம்பர் கடைசி வாரமும் உங்கள் திருவிழா வாரமும் மட்டும் பார்த்தால் போதும், வருஷம் முழுவதையும் புரட்ட வேண்டாம். நம்முடைய ஆட்டங்கள் பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

அது ஏன் அந்த நாட்களில் என்பதைத்தான் நீங்கள் நன்றாக எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நம் கடப்புறத்துப் பந்தின் வரலாற்றைக் கடல் தொழில்தான் நடத்தியிருக்கிறது. கட்டுமரக் காலத்தில் விடியுமுன் போனவர் வெயில் ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிடுவார். மடி காய்ந்து, கரையில் நின்று இழுக்கும் கரைமடி வலை இழுத்து முடிந்து, கடப்புறம் காலியாகும்போது சாயங்காலம். அந்த இரண்டு மணி நேரம்தான் பந்துக்கு. எல்லோரும் ஊரில் இருந்தார்கள், அதனால் தினமும் ஆட்டம் இருந்தது. அணி என்று தனியாக ஒன்று தேவைப்படவே இல்லை. இந்தத் தெருவுக்கும் அந்தத் தெருவுக்கும் ஆட்டம், குருசடிக்குக் கிழக்கும் மேற்கும் ஆட்டம்.

1980களில் பிளைவுட் வள்ளமும் வெளிப்பொருத்து மோட்டாரும் பரவின. நம் வட்டாரத்து ஆட்கள் சுறாவைத் தேடி ஆழ்கடலுக்குப் போய்ப் பேரெடுத்தவர்கள். படகுகள் பெரிதாகப் பெரிதாகத் தங்குகடல் தொழில் நீண்டது. கொச்சி, மங்களூர், கோவா, குஜராத் என்று துறைமுகம் மாறியது. ஒருமுறை போனால் வாரக் கணக்கில் கடலில். இருபது வயசில் நல்ல ஃபார்வர்டாக இருந்தவன் இருபத்திரண்டு வயசில் ஊரிலேயே இல்லை. தினசரி ஆட்டம் பள்ளிப் பையன்களுக்கும் பெரியவர்களுக்கும் ஆனது. முழு அணி சேர்வது கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ஊர்த் திருவிழா நாட்களில் மட்டும் என்று ஆனது. அப்போதுதான் தினசரிக் களி, அதாவது ஆட்டம், டூர்னமெண்ட் களியாக மாறியது, கெஸ்ட் களிக்காரர்களை இறக்குவதும் பழக்கத்துக்கு வந்தது. ஊர் ஆள் கடலில் இருக்கும்போது அவன் இடத்தில் திருவனந்தபுரத்திலிருந்தோ கொல்லத்திலிருந்தோ ஒருவரைக் கூலி பேசிக் கூட்டி வருவார்கள். பணம் கோப்பையைக் கொடுத்தது, ஆனால் ஊர்ப் பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இதைப் பற்றி எல்லாக் கிளப்பிலும் சண்டை நடந்திருக்கிறது. உங்கள் கிளப்பிலும் நடந்திருக்கும். மறைக்காமல் எழுதுங்கள்.

மழைக்காலத்தையும் விட்டுவிடாதீர்கள். மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தமிழ்நாட்டில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம், கேரளத்தில் ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து அதே ஜூலை 31 வரை. படகு கரையில், ஆள் ஊரில். கடல் கொந்தளிக்கிற, வருமானம் இல்லாத அந்த நாட்களில் சேற்றில் ஆடிய ஆட்டங்களுக்குக் கோப்பை இருக்காது. நோட்டீஸும் அடித்திருக்க மாட்டார்கள். ஆனால் பல அணிகளின் அடுத்த தலைமுறை உருவானது அந்த இரண்டு மாதத்தில்தான். அண்ணன்மார் ஊரில் இருந்து சின்னப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்த காலம் அது.

இனி மைதானம். அலமாரியில் உள்ள கோப்பைகளை வரிசைப்படுத்தி எழுதினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும், யாரும் இரண்டாம் முறை படிக்க மாட்டார்கள். கிளப் எங்கெல்லாம் ஆடியது என்று ஒரு வரைபடம் போடுங்கள். நம் கரையில் அது நகர்ந்துகொண்டே இருக்கும். முதலில் கடப்புற மணல். பிறகு அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் ஓரத்துத் தென்னந்தோப்பில் வெட்டி ஒதுக்கிய இடம். அப்புறம் பள்ளி மைதானம். கடல் அரிப்பு ஒவ்வொரு வருஷமும் கரையைத் தின்றது. கல் சுவர் போட்டார்கள், கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு போட்டார்கள். தூண்டில் வளைவோ துறைமுகச் சுவரோ ஒரு பக்கம் மணலைச் சேர்த்தால் மறுபக்கம் கடல் உள்ளே வரும். ஒரு ஊருக்கு மைதானம் கிடைத்த அதே வருஷங்களில் பக்கத்து ஊருக்கு மைதானம் போயிருக்கும். முதியவர் ஒருவர் கடலைக் கை காட்டி 'அங்கதான் எங்க சென்டர்' என்றால் மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம், உண்மையாகவே அங்கேதான் இருந்திருக்கும். கிராம நிர்வாக அலுவலகத்துப் பழைய புல வரைபடத்தை இப்போதுள்ள செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டால் கரை எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று தெரியும். அந்தப் படம் மலரில் கட்டாயம் இருக்க வேண்டும்.

மணலில் ஆடியதால்தான் நம் ஆட்டம் அப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள். மணலில் பந்து உருளாது. தரையோடு நீளமாகப் பாஸ் போட முடியாது. காலுக்கடியில் வைத்துக்கொண்டு ஆளைத் தாண்ட வேண்டும், இல்லையென்றால் தூக்கி அடிக்க வேண்டும். அதனால் நம் பையன்களுக்குக் கணுக்கால் பலமும் சின்ன இடத்தில் திரும்பும் பழக்கமும் வந்தன. கட்டாந்தரையில் பதினொருவர் ஆட்டம் ஆடப் போனபோது இடம் விட்டு நிற்கவும் பந்தைச் சீக்கிரம் பிரியவும் கற்றுக்கொள்ளச் சிரமப்பட்டார்கள். பூட்ஸ் வந்தது தனிக்கதை. வெறுங்காலில் ஆடியதைக் குறையாக எழுத வேண்டாம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்சிடம் 2–1 என்று தோற்ற ஆட்டத்தில் நம் ஆட்டக்காரர்கள் பெரும்பாலானோர் வெறுங்காலில்தான் ஆடினார்கள். அந்த ஒலிம்பிக் அணியில் நம் திருவிதாங்கூரின் திருவல்லா பாப்பன் இருந்தார். அன்றைக்கு நம் தாத்தாமார் அவரை நம்ம ஊர்க்காரர் என்று சொல்லிக்கொண்டதில் தவறே இல்லை. அப்போது ஒரே நாடாகத்தானே இருந்தோம்.

யார் சொல்வதை நம்புவது என்று கேட்டீர்கள். பெரியவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் நாற்பது வருஷத்து ஆட்டங்கள் நினைவில் ஒன்றாகக் கலந்துவிடும். விதிகள் மாறிய காலம் தெரிந்தால் கொஞ்சம் பிரித்தெடுக்கலாம். மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970 உலகக் கோப்பையில்தான் முதன்முதலில் வந்தன. பெனால்டி அடித்து முடிவு செய்யும் டை பிரேக்கரும் அந்த வருஷம்தான் விதியில் ஏறியது. நம் கடற்கரைக்கு வந்து சேர அதற்கு மேலும் காலம் ஆகியிருக்கும். ஆகவே 1965 ஃபைனலில் டை பிரேக்கரில் ஜெயித்தோம் என்று ஒருவர் சொன்னால் ஆட்டம் உண்மையாக இருக்கலாம், வருஷம் வேறாக இருக்க வேண்டும். அதற்கு முன் சமமாக முடிந்தால் மறுநாள் ஆடுவார்கள், இல்லையென்றால் சீட்டு எடுப்பார்கள். தன் அணிக்காரர் காலால் திருப்பித் தந்த பந்தைக் கோலி கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992இல் வந்தது. 'கோலிக்கு மைனஸ் போட்டே நேரத்தைக் கடத்தினோம்' என்று ஒருவர் சொன்னால் அது அதற்கு முந்தைய ஆட்டம்.

வருஷத்தைக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. வேறு விதமாகக் கேளுங்கள். அப்போது எந்த அச்சன் (பங்குத்தந்தை) பங்கில் இருந்தார்? உங்கள் வீட்டில் கட்டுமரமா, வள்ளமா? மரடோனாவை டிவியில் பார்த்ததற்கு முன்பா, பின்பா? 1986 உலகக் கோப்பையைத் தூர்தர்ஷனில் பார்த்தது நம் தலைமுறைக்குப் பெரிய அடையாளக் கல். ஜெர்சி நிறம் அர்ஜென்டினாவாகவும் பிரேசிலாகவும் மாறியது அதற்குப் பிறகு. அதேபோல் 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் கேரளம் ரயில்வே அணியை 3–2 என்று வென்று தேசியப் போட்டியான சந்தோஷ் டிராபியை முதல் முறையாக எடுத்தது. மூன்று கோலையும் கேப்டன் மணி அடித்தார். உங்கள் கிளப் தொடங்கியது அதற்கு அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் என்றால், தொடங்கியவர்களிடம் அந்த ஆட்டத்தைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். ஒரு ஆட்டத்தைப் பற்றித் தனித்தனியாக இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால் எழுதுங்கள். எதிர் அணிக்காரர் ஒருவரும் ஒத்துக்கொண்டால் கோல் கணக்கோடு எழுதலாம். தோற்றவர்களுக்கு நினைவு தெளிவாக இருக்கும் என்பது என் அனுபவம். பொழியூருக்கும் பூவாருக்கும் போய் அவர்களைப் பாருங்கள்.

பொழியூருக்குப் போகும்போது இன்னொன்றையும் கேளுங்கள். சந்தோஷ் டிராபி கிராமம் என்று கேரளத்தில் பேர் வாங்கிய ஊர் அது. ஒரே மணல், ஒரே தொழில், ஒரே பங்குப் பழக்கம் உள்ள ஊர்களில் அங்கே பிறந்த பையன் கேரள அணியில் ஆடினான், இங்கே பிறந்தவன் தமிழ்நாட்டு அணிக்குப் போனான். வேலையும் அதைப் பொறுத்தே அமைந்தது. திருவனந்தபுரத்தில் டைட்டானியம், ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர், மின்சார வாரியம், கேரள போலீஸ் என்று அணி வைத்த நிறுவனங்கள் இருந்தன. நன்றாக ஆடும் ஏழைப் பையனுக்கு அங்கே ஒரு மாதச் சம்பளம் கிடைக்க வழி இருந்தது. நம் பக்கத்துப் பையனுக்கு அதே வாய்ப்பு சென்னையில் ரயில்வேயிலோ ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.இலோ இருந்தது. பொழியூரிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஒரு பஸ், நீரோடியிலிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரிப் பயணம். இந்தத் தூரம் எத்தனை பேரைத் தடுத்தது என்று உங்கள் பழைய ஆட்டக்காரர்களிடம் கேட்டால் மனசு கனக்கிற பதில்கள் வரும். ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் 2017 ஏப்ரலில் ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவோடு இணைந்தபோது அந்தப் பெயரும் போயிற்று. பேங்க் அணியில் ஆட வேண்டும் என்று கனவு கண்ட ஒரு தலைமுறை எல்லைக்கு இரண்டு பக்கமும் உண்டு.

இரவிபுத்தன்துறையின் தொழில்முறை ஆட்டக்காரர் மைக்கேல் சூசைராஜைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. சென்னை சிட்டிக்கு ஆடி 2017–18 ஐ-லீக்கில் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் விருதை வாங்கினார். ஜாம்ஷெட்பூருக்குப் போனார். 2019–20இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பட்டம் வென்ற கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் இருந்தார். சகோதரர் மைக்கேல் ரெஜினும் தொழில்முறை ஆட்டக்காரர். நம் கடப்புறத்துக்கே பெருமை. ஆனால் அவர் உங்கள் டூர்னமெண்டில் ஒருமுறை ஆடியிருக்கிறார் என்பதற்காக மலரின் பாதிப் பக்கத்தை அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவருடைய வரலாறு வேறு இடங்களில் பத்திரமாக இருக்கிறது. பத்து வருஷம் கோல் காத்துவிட்டு ஒரு விருதும் வாங்காமல் மீன்பிடிக்கப் போன உங்கள் ஊர்க் கோலியைப் பற்றி நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

பெண்களிடம் பேசுங்கள். கிளப் வரலாறு என்றால் ஆண்களிடம் மட்டும் கேட்டு முடித்துவிடுகிறார்கள். மீன் விற்ற காசில் பூட்ஸ் வாங்கிக் கொடுத்த அம்மாமார், டூர்னமெண்ட் நாட்களில் வெளியூர் அணிகளுக்குச் சமைத்துப் போட்டவர்கள், ஆட்டம் பார்க்கக் கரை முழுக்க நின்றவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். பழைய படங்களும் அவர்களுடைய டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். ஆண்கள் கோல் கணக்கைச் சொல்வார்கள். அன்றைக்கு அந்தப் பையனுக்குக் காய்ச்சல், அதோடு ஆடினான் என்பதைப் பெண்கள் சொல்வார்கள். மலருக்கு இரண்டும் வேண்டும்.

பிளவுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஊரில் பிரச்சினை வந்து கிளப் இரண்டாகி, சில வருஷம் இரண்டு அணியும் ஒன்றோடொன்று ஆடாமல் இருந்த காலத்தை எழுதலாமா என்று. எழுதுங்கள். எந்த வருஷம் பிரிந்தது, எந்த வருஷம் சேர்ந்தது, சேர்த்து வைக்க எந்த ஆட்டம் காரணமாக இருந்தது என்று மட்டும் எழுதினால் போதும். யார் தவறு என்று தீர்ப்பு எழுத வேண்டாம், உயிரோடு இருப்பவர்களின் பெயரை அந்தப் பகுதியில் போட வேண்டாம். இரண்டு தரப்பிலும் ஒவ்வொருவரை அச்சுக்கு முன் படிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு பக்கத்தைப் பற்றி. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல். நம் வட்டாரத்தில் அந்த நாளை யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்து ஆட வேண்டியவர்கள் அப்போது கடலில் இருந்தார்கள். உங்கள் கிளப்புக்கு ஆடியவர்களில் கடலில் போனவர்கள் எல்லோருடைய பெயரும், ஒக்கியில் மட்டும் அல்ல, முன்னும் பின்னும் தனித்தனியாகப் போனவர்கள் பெயரும், எந்த இடத்தில் ஆடினார் என்ற விவரத்தோடு வர வேண்டும். அலங்காரச் சொற்கள் வேண்டாம். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்ச் சம்மதம் கேளுங்கள், எந்தப் படம் போடுவது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். சில வீடுகளில் உடல் கிடைக்கவில்லை. அவர்கள் வேண்டாம் என்றால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள்.

வேலையை இந்த மாதமே தொடங்குங்கள். வயதானவர்களிடம் பேசுவது முதல் வேலை, பதிவாளர் அலுவலகம் எங்கும் ஓடிவிடாது. படங்களை வீட்டிலிருந்து எடுத்து வராமல் அங்கேயே ஸ்கேன் செய்து, படத்துக்குப் பின்னால் எழுதியிருப்பதையும் சேர்த்துப் படமெடுங்கள். பேச்சுகளை அவர்களுடைய பேச்சிலேயே ஒலிப்பதிவு செய்யுங்கள், 'பந்து களிக்கப் போனோம்' என்பதைத் திருத்தி எழுத வேண்டாம். மலரில் மலையாளத்தில் நான்கு பக்கச் சுருக்கம் ஒன்று சேருங்கள், பொழியூர்க்காரர்கள் படிக்க வேண்டும். அச்சானதும் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டக் கால்பந்துச் சங்கங்களுக்கு ஒவ்வொரு பிரதி, எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள பங்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி, ஸ்கேன்களும் ஒலிப்பதிவும் உள்ள ஹார்ட் டிஸ்க் ஒன்று கிளப்பிலும் இன்னொன்று கடலிலிருந்து தள்ளி இருக்கும் யாராவது ஒருவர் வீட்டிலும் இருக்கட்டும்.